பத்து மூச்சு

அலாரம் அடித்தால் மற்ற சிஸ்டர்கள் ஓடி வருவார்கள். அவர் நடந்துதான் வருவார். வென்டிலேட்டருக்குப் பக்கவாட்டில் நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். எதையும் தொடமாட்டார். திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை. அதன் பிறகுதான் கை நீளும்.

நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு என்று மெஷினில் வைத்திருந்தார்கள். அப்படியானால் பத்து மூச்சுக்கு நாற்பத்து மூன்று நொடி. இந்தக் கணக்கைப் பிற்பாடு வீட்டில் உட்கார்ந்து போட்டேன். அவர் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் கணக்குப் போடும் நிலையில் நான் இல்லை. அந்தக் கட்டிலில் கிடந்தது நான்தான்.

ஏழு வருடத்துக்கு முந்தைய விஷயம் இது. அப்போது நான் தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். ஒரு திங்கட்கிழமை கல்லல் பக்கம் ஒரு புஞ்சையை அளந்துகொண்டிருந்தபோது பாதம் மரத்தது. செவ்வாய்க்கிழமை மாடிப்படி ஏற முடியவில்லை. வியாழக்கிழமை தண்ணீர் விழுங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் இணைத்தார்கள். உடம்பின் நரம்புகள் எல்லாம் சில வாரங்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் நோய் என்று டியூட்டி டாக்டர் என் மனைவியிடம் விளக்கினார். மெதுவாகத் திரும்பி வரும், ஆனால் மெதுவாகத்தான் என்றார். ஐந்தாம் நாள் என் இதயம் ஒரு தடவை நின்று ஓடியது. அதற்குப் பிறகு டாக்டரின் பேச்சு மாறிவிட்டது. “நினைவு இருக்கான்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா” என்றார்.

நினைவு முழுதாக இருந்தது. விரல் அசையாது. நாக்கு அசையாது. கண்ணிமைகூட என் பேச்சைக் கேட்காது. பாதி மூடி பாதி திறந்து நின்ற இமைக்குள் காலையும் மாலையும் களிம்பு தடவிவிடுவார்கள். கருவிழியைத் திருப்ப முடியாது. தலையை எந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போகிறார்களோ, அடுத்து வந்து திருப்பும்வரை அதுதான் என் உலகம்.

என் நேர் எதிரே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் பின்னால் கருநீலத் திரை தொங்கியதால் அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. என் தலைக்குப் பின்னால் இருந்த வென்டிலேட்டரின் திரை அதில் விழும். மூன்று கோடுகள், மஞ்சள், பச்சை, நீலம். களிம்புக்குள்ளிருந்து பார்க்க அவை மழையில் தெரியும் கடை விளக்குகள் போலிருந்தன. என்றாலும் வடிவம் தெரிந்தது. கண்ணாடியில் விழுவதால் இடம் வலமாகத் தெரியும். அதாவது, கோடு போகும் திசையையே தலைகீழாகத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொடுத்தவர் அந்தப் பத்து எண்ணும் சிஸ்டர் என்று சொல்ல முடியாது. அவர் எனக்கு ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. மற்ற சிஸ்டர்கள் என்னோடு பேசுவார்கள். “அப்பா, குளிக்கலாமா? அப்பா, நல்லாத் தூங்குனீங்களா?” என்று குழந்தையைக் கொஞ்சுகிற குரலில் கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவர் என்னைக் கட்டிலோடு சேர்த்துத்தான் பார்த்தார். அவர் பேசியது மெஷினோடு. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மாப்பிள்ளை.

“என்ன மாப்பிள்ளை, வந்ததும் வராததுமா மூஞ்சியத் தூக்கிட்டீக?”

மரியாதை குறையாது. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் எப்படிப் பேசுவோமோ அப்படி, அனுசரித்து, அடியில் கொஞ்சம் குத்தல் வைத்து. மத்தியான ஷிப்டுக்கு ஒன்றரை மணிக்கு வருவார். செருப்புச் சத்தத்துக்கு முன்னால் கிராம்பு வாசனை வரும். பல்வலியோ, பழக்கமோ, எப்போதும் ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கியிருப்பார். கல்லலிலிருந்து வரும் பஸ் லேட் என்று மாப்பிள்ளையிடம் முறையிடுவார். பிறகு நின்று எண்ணுவார். எண்ணி முடித்ததும், பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுவார். இந்தக் கடைசிப் பழக்கத்தால்தான் நான் பிழைத்தேன்.

“மேல கோடு நாப்பதத் தொடுது. போறப்ப மட்டும் முட்டுது, போய்ச் சேந்தப்பறம் சும்மா இருக்கு. வழியிலதான் எதோ நிக்குது. சளி.”

உடனே கழுத்துக் குழாய்க்குள் மெல்லிய ரப்பர் குழாய் இறங்கும். (பத்தாம் நாள் கழுத்தில் துளை போட்டு, தொண்டைக் குழாயை அங்கே மாற்றியிருந்தார்கள்.) நெஞ்சைப் பிடுங்கி வெளியே போடுகிற மாதிரி இருக்கும். அது முடிந்ததும் கண்ணாடியில் பார்ப்பேன். மஞ்சள் கோட்டின் கொம்பு மழுங்கியிருக்கும். இப்படி ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துச் சேர்த்துத்தான் படித்தேன். மஞ்சள், அழுத்தம். பச்சை, காற்று போகிற வேகம். உள்ளே போகும்போது கோட்டுக்கு மேலே, வெளியே வரும்போது கோட்டுக்குக் கீழே. நீலம், எவ்வளவு போயிற்று என்ற அளவு. அது மணல் குவிப்பது போல ஏறி, சரிந்து இறங்கும்.

ஒருநாள் நெஞ்சு ஊதிய பந்து போல் ஆயிற்று. விட்ட மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் அடுத்தது உள்ளே வந்தது. பாதி மூச்சின் மேல் முழு மூச்சு, அதன் மேல் இன்னொன்று. எனக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு, அது சேர்ந்துகொண்டது. ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று ஒரு சிஸ்டர் ஊசியை எடுக்க ஓடினார். இவர் நின்றார். எண்ணினார்.

“பச்சைக் கோடு தரைக்கு வர்றதுக்குள்ள அடுத்ததை ஊதிட்டீகளே மாப்பிள்ளை. உள்ள போனவன் வெளிய வரவேணாமா?”

டாக்டரைப் போனில் கூப்பிட்டார். மூச்சு எண்ணிக்கையைக் குறைக்க அனுமதி கேட்டு, குறைத்தார். சிக்கியிருந்த காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியதை நான் உணர்ந்தேன். பச்சைக் கோடு தரையைத் தொட்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். எந்த வரைபடத்தையும் அவ்வளவு நிம்மதியோடு நான் பார்த்ததில்லை.

அவரைப் பிடித்திருந்தது என்று எழுதினால் பொய். பல நாள் வெறுத்தேன். ஒரு மத்தியானம் சளி முழுதாக அடைத்துக்கொண்டது. காற்று ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. நீலக் கோடு தரையிலேயே படுத்துவிட்டது. அவர் வந்தார், நின்றார், எண்ணத் தொடங்கினார். நான்கில் பக்கத்துக் கட்டில் சிஸ்டர் கத்தினார்.

“அக்கா, சக்ஷன் போடுங்கக்கா! என்ன எண்ணிக்கிட்டு இருக்கீக?”

ஆறில் இவர் பாய்ந்தார். முழுதாக எண்ணாமல் அவர் கை வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்னும் நான்கு மூச்சு நின்றிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். ஷிப்டு முடியும்வரை அவர் மாப்பிள்ளையோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து ஒரு விதி சேர்ந்தது. அதையும் வாய்விட்டுத்தான் சொன்னார். “கீழ்க்கோடு படுத்துட்டா எண்ணக்கூடாது. கொழா கழண்டா எண்ணக்கூடாது. மத்ததுக்கெல்லாம் பத்து.” தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது. பத்தை விட்டுவிடவில்லை என்பதைக் கவனித்தேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் மெஷினில் மூச்சு எண்ணிக்கை இருபத்திரண்டு என்று காட்டியது. வைத்திருந்தது பதினான்கு. மீதி எட்டு நானாக இழுத்தது என்று அர்த்தம். நான் இழுக்கிறேன் என்றால் மெஷின் அதைக் கவனித்து ஒரு மூச்சு தரும், அதன் ஏற்பாடு அப்படி. காலை ஷிப்டு சிஸ்டருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே இருந்த என் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். டாக்டர் வந்து எண்ணைப் பார்த்தார்.

“நல்ல முன்னேற்றம். நாலு மணிக்கு மெஷினைக் கழட்டிட்டு அரை மணி நேரம் பார்ப்போம்.”

நான் இழுக்கவில்லை.

என் உடம்பைப் பற்றி அந்த அறையில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஒவ்வொரு மூச்சும் என்மேல் வந்து விழுந்துகொண்டிருந்தது, நான் ஒன்றையும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பச்சைக் கோட்டின் அடிப்பகுதியில் ரம்பத்தின் பற்கள் மாதிரி சின்னச் சின்ன வெட்டுகள். என் இடது காதோரம், குழாயின் வளைவில், களக் களக் என்று ஒரு சத்தம். குழாய்க்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கியிருந்தது. அது ஆடும் ஆட்டத்தை நான் இழுப்பதாக மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது. இதே பற்களை ஒரு வாரத்துக்கு முன் அவர் மாப்பிள்ளையிடம் திட்டித் தீர்த்து, தண்ணீரை வடித்ததைக் கேட்டிருக்கிறேன். கோட்டைப் படிக்கத் தெரிந்தும் அதை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் கிடந்தேன். நான்கு மணிக்குக் கழற்றப்போகிறார்கள். கழற்றினால் நான் சும்மா கிடப்பேன், நெஞ்சு சும்மா கிடக்கும். எத்தனை நேரத்தில் கவனிப்பார்கள் என்பதைப் பொறுத்தது மீதி.

ஒன்றரை மணிக்குக் கிராம்பு வாசனை வந்தது. அதற்கு முன்னாலேயே என் மனைவி உள்ளே நின்றிருந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துக்கங்க சிஸ்டர். அவுக சொந்தமா மூச்சு விடுறாக.”

“கையில வச்சிருங்கக்கா. பாத்துட்டு வாங்கிக்கிறேன்.”

“பாத்துட்டா? டாக்டரே பாத்துட்டாரு.”

“சரிக்கா. நானும் ஒருதரம்.”

எண்ணத் தொடங்கினார். அன்று அந்தப் பத்து மூச்சில் ஒவ்வொன்றையும் அவரோடு சேர்ந்து நானும் எண்ணினேன். அவர் நிற்காமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பத்து ஆனதும் குனிந்தார். என் காதோரம் குழாயைத் தூக்கிப் பிடித்து, தேங்கியிருந்ததைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வடித்தார். களக் சத்தம் நின்றது. பற்கள் மறைந்தன. இருபத்திரண்டு பதினேழானது. பதினான்கானது. அங்கேயே நின்றது.

“இது அவரு இல்லக்கா. தண்ணி.”

மனைவியின் கையில் டப்பா திறந்தபடி இருந்தது.

“ஒரு நாளாச்சும் சந்தோசமா இருந்துட்டுப் போறோம்னு விட்டீகளா? நல்லா இருப்பீகளா நீங்க?”

அவர் டாக்டருக்குப் போன் செய்தார். அவர் குரலில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. என் மனைவி வெளியே போய் அழுத சத்தம் கேட்டது. உயிர் பிழைத்த நிம்மதியும், என் மனைவியை அழவைத்த குற்றவுணர்வும் ஒரே நேரத்தில் என் நெஞ்சில் இருந்தன. இரண்டுக்கும் ஒரு பெருமூச்சு விடக்கூட எனக்கு உரிமை இல்லை.

அன்று மாலை டாக்டர் ஒன்று செய்தார். நான் எவ்வளவு பலமாக இழுத்தால் மெஷின் எனக்குப் பதில் தர வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதை இரண்டிலிருந்து ஐந்துக்கு ஏற்றினார். இனி தண்ணீர் ஆடினாலும் மெஷின் ஏமாறாது. நியாயமான காரியம்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது போல் ஆயிற்று. உள்ளே இருந்தது நான்.

இருபத்தாறாம் நாள் எனக்கு முதல் முறையாக இழுக்க வந்தது. அதை எப்படிச் சொல்வது? விலாவுக்கு அடியில் எங்கோ ஒரு நூல் இருந்தது, அதை நான் பிடித்து அசைத்தேன். அவ்வளவுதான். காற்று வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு மூச்சுக்கு நடுவே, மஞ்சள் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். பல் இல்லை. எறும்பு கடித்த அளவுக்கு ஒரு வழவழப்பான பள்ளம். அதை நான் தோண்டினேன். மறுபடி தோண்டினேன். மெஷின் பதில் தரவில்லை. ஐந்து அளவுக்கு இழுக்க என்னிடம் பலம் இல்லை.

இரண்டு நாள் அந்தக் கதவைத் தட்டினேன். காலை சிஸ்டர் பார்த்தார், “தண்ணிதான்” என்று குழாயை வடித்துவிட்டுப் போனார். இன்னொருவரும் அப்படியே. அந்த வார்டில் இப்போது எல்லோரும் தண்ணீரைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் விடுமுறையில் இருந்தார்.

இருபத்தெட்டாம் நாள் வந்தார். எண்ணினார். பத்து முடிந்தும் கை நீளவில்லை. இன்னொரு பத்து எண்ணினார். குழாயை வடித்தார். மறுபடி பார்த்தார். பள்ளம் இருந்தது. நான் விடாமல் தோண்டிக்கொண்டிருந்தேன்.

“பல்லு இல்லையே மாப்பிள்ளை. இது என்ன, ஒத்தைப் பள்ளம்?”

பேச்சு நின்றது. செருப்புச் சத்தம் என் பக்கம் வந்தது. அந்த மருத்துவமனையில் முதல் முறையாக அவர் முகம் என் முகத்துக்கு நேரே குனிந்தது. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்.

“நீங்களா?” என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, “நீங்களாண்ணே? நீங்கதான்னா இப்ப இழுக்காம விடுங்க. நான் சொல்றவரைக்கும் இழுக்காதீக.”

நூலை விட்டேன். அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். மஞ்சள் கோடு வழவழவென்று ஓடியது.

“இப்ப ரெண்டு தடவை இழுங்க. அடுத்தடுத்து.”

இழுத்தேன். இரண்டு பள்ளம்.

“ஆத்தாடி” என்றார்.

டாக்டர் வந்தபோது என்னிடம் பலம் தீர்ந்திருந்தது. அவர் குனிந்து, சத்தமாக, “சார், கேக்குதா? ரெண்டு தடவை இழுங்க பார்ப்போம்” என்றார். நூலைத் தேடினேன், கையில் சிக்கவில்லை. கோடு வெறுமையாக ஓடியது.

“சிஸ்டர், தண்ணியை வடிச்சீங்களா?”

“ரெண்டு தடவை வடிச்சிட்டேன் டாக்டர்.”

“அப்ப இதயத் துடிப்போட அதிர்வா இருக்கும். அன்னைக்கு நீங்கதானே நம்பாதீங்கன்னு சொன்னீங்க?”

“அன்னைக்கு அது தண்ணி. இன்னைக்கு இவரு. பத்து மூச்சு நில்லுங்க டாக்டர்.”

“ஓ.பி.யில ஆளுங்க காத்திருக்காங்க.”

“ஒரு நிமிசம்கூட ஆகாது டாக்டர். பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள வரலைன்னா நான் இனி இந்தப் பேச்சே எடுக்கமாட்டேன்.”

டாக்டர் நின்றார். சிஸ்டர் வாய்விட்டே எண்ணினார். ஒன்று. இரண்டு. எனக்குப் புரிந்தது. இந்தப் பத்துக்குள் வரவில்லை என்றால், நான் தோண்டும் பள்ளங்கள் எல்லாம் இனி இதயத் துடிப்பு. நான்கு. அவசரப்பட்டு இழுத்தால் ஒன்றோடு தீர்ந்துவிடும். ஐந்து, ஆறு. மெஷின் தந்த ஒவ்வொரு மூச்சையும் வாங்கிச் சேர்த்துவைத்தேன். ஏழு. டாக்டரின் செருப்பு திரும்பிய சத்தம் கேட்டது. எட்டு. ஒன்பது. அந்த ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நூலை இரண்டு முறை இழுத்தேன்.

“சரி” என்றார் டாக்டர், மெதுவாக. அப்புறம், “எப்ப இருந்து?” என்றார்.

“எனக்கென்ன தெரியும் டாக்டர்? அவருகிட்ட கேளுங்க.”

டாக்டர் கேட்கவில்லை. அளவை ஒன்றுக்கு இறக்கினார். நான் நூலை அசைத்தேன். காற்று வந்தது. இருபத்தெட்டு நாளில் நான் கேட்டு வாங்கிய முதல் மூச்சு அது.

நான்கு மணிக்கு என் மனைவியை உள்ளே விட்டார்கள். ஆமாம் என்றால் இரண்டு இழுப்பு, இல்லை என்றால் ஒன்று, திரையைப் பார்த்துத் தான் சொல்வதாக சிஸ்டர் விளக்கினார். அவளுக்கும் அவருக்கும் மைசூர்பாகு நாளுக்குப் பிறகு பேச்சில்லை. என் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

“ஏங்க, என்னையத் தெரியுதா?”

“ரெண்டு” என்றார் அவர்.

“ஏங்க, ரேசன் கார்டை எங்குட்டு வச்சீக? மூணு வாரமாத் தேடுறேன்.”

“அக்கா, ஆமா இல்லை மட்டுந்தான் வரும். ஒவ்வொரு எடமாக் கேளுங்க.”

“பீரோவுக்குள்ளயா?” ஒன்று. “டிவி பெட்டிக்கு அடியிலயா?” ஒன்று. “சாமி படத்துக்குப் பின்னாலயா?” ஒன்று. “ஆபீசுப் பையிலயா?” இரண்டு. “நான் அதைத்தான் மொதல்ல பாத்தேன்!” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “பை ஓரத்து ஜிப்பைத் தொறந்தீகளாக்கா? அவரைக் கேளுங்க.” இரண்டு.

மறுநாள் மத்தியானம் அவர் தனியாக வந்தார். எண்ணினார். மாப்பிள்ளையோடு பேசவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் கண்ணுக்கு எட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அண்ணே, இங்க நடந்தது எல்லாம் கேட்டுச்சா? ஆரம்பத்துல இருந்தே?”

இரண்டு இழுத்தேன்.

அவர் கிராம்பைக் கடிப்பதை நிறுத்திவிட்டார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். பதினோராம் நாள் என் படுக்கை விரிப்பை மாற்றும்போது, உதவிக்கு வந்த ஆயா, “பாவம், நல்ல மனுசன் மாதிரி இருக்காரு” என்றாள். இவர் என்னை ஒருக்களித்துப் பிடித்தபடி சொன்னார்: “இது மிசினு விடுற மூச்சு ஆயா. ஆளு எப்பவோ போயாச்சு. சீக்கிரம் விரி, கை வலிக்குது.” அதன் பிறகு எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சில நாள் அதை நம்பவும் செய்தேன்.

“அன்னைக்கு நான் ஆயாகிட்ட…”

ஒரு தடவை இழுத்தேன். இல்லை.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவைத்தார். “சளி எடுக்கணும்ணே. கொஞ்சம் வலிக்கும்” என்றார். அதற்கு முன் ஒரு தடவையும் சொல்லிவிட்டுச் செய்ததில்லை. அன்றிலிருந்து எனக்குத் தெரியாமல் என் உடம்பில் எதுவும் நடக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மெஷினைக் கழற்றியபோது, பகல் முழுக்கக் கழற்றியபடி இருந்தபோது, கழுத்துத் துளையை மூடியபோது, எல்லாவற்றையும் முன்னால் வந்து சொன்னார்.

வீட்டுக்குப் போகிற நாள் சக்கர நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மனைவி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். அவர் வந்தார். மாஸ்க் தாடையில் தொங்கியது. முழு முகத்தை அன்றுதான் பார்த்தேன். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. குரலை வைத்து என் அக்கா வயது என்று நினைத்திருந்தேன்.

“பேச்சு வந்துருச்சுல்லண்ணே. ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கம்மா.” என் குரல் எனக்கே அந்நியமாக, காற்றுப் போன குழாய் மாதிரி இருந்தது.

“ஆயாகிட்ட நான் பேசினதைப் பத்திக் கேட்டப்ப இல்லைன்னு இழுத்தீக. நான் கேட்டு முடிக்கவே இல்லைண்ணே. ஆயான்னு சொல்றப்பவே பள்ளம் விழுந்துருச்சு. அது காதுல விழாத ஆளுன்னா நான் முடிக்கிறவரைக்கும் காத்திருப்பாருல்ல?”

அவர் மாஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.

“எம்மனசு நோகக்கூடாதுன்னு அப்பிடிச் சொன்னீகளா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படி நம்பிக்கொண்டு போயிருப்பார், எனக்கும் நல்ல பெயர். ஆனால் இத்தனை நாள் கழித்து வாய் திறந்து முழு வாக்கியமாக ஒன்றைச் சொல்லும் வாய்ப்பு. அதில் போய் ஒரு பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

“இல்லம்மா. பயந்துபோய்ச் சொன்னேன். நீங்க சங்கடப்பட்டு வேற கட்டிலுக்கு மாத்திக்கிட்டுப் போயிட்டா, என்னைப் படிக்க அங்க வேற ஆள் இல்லை. நீங்க வேணும். அதுக்காகத்தான்.”

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். கைகள் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. எண்ணினாரா என்று தெரியவில்லை.

“அப்பிடிச் சொல்லுங்க” என்றார் கடைசியில். “அது நம்புற மாதிரி இருக்கு.”

குனிந்து நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டார்.